கரண்ட் போன பிறகு தண்ணீர் எங்கே போகும்?

மீன் தொட்டியின் குழாய் வேலை சரியாக நடந்திருக்கிறதா என்பது பம்ப் ஓடும்போது தெரியாது. பம்ப் நின்ற அடுத்த சில நிமிடங்களில்தான் தெரியும். மேலே தொட்டி, கீழே அலமாரிக்குள் சம்ப் என்னும் வடிகட்டும் துணைத்தொட்டி, நடுவில் இறங்கும் ஓவர்ஃப்ளோ குழாயும் ஏறும் ரிட்டர்ன் குழாயும் என்று அமைத்திருக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும்.

கோலாலம்பூரில் பம்ப் நிற்பது அபூர்வமான காரியம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலானால் வானம் கறுக்கும், இடி இடிக்கும். எங்கோ ஒரு மின்னல் விழுந்தால் போதும், வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிவிடும். பக்கத்து வீட்டில் விளக்கு எரியும், உங்கள் வீட்டில் மட்டும் எரியாது. வேலைக்குப் போனவர் திரும்பி வந்து சுவிட்சை மேலே தள்ளும்வரை பம்ப் நின்றபடியே இருக்கும். 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி தீபகற்ப மலேசியாவே இருட்டில் மூழ்கியது. அப்படிப்பட்ட பெரிய மின்தடை எப்போதோ ஒரு முறைதான் வரும். ஆனால் ஒரு வீட்டுக்குள் மட்டும் கரண்ட் போகும் சின்ன மின்தடைக்குக் கணக்கே இல்லை.

அதோடு, நம்மில் பலர் அடுக்குமாடியில் இருக்கிறோம். தரையில் கொட்டிய தண்ணீர் நம் தரையோடு நிற்பதில்லை. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை கோளாறு அந்தக் கூரைக்கு மேலே இருக்கும் வீட்டில் அல்லது பொது இடத்தில் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம். தொட்டி வைத்திருப்பவர் வீட்டுக்கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். உப்புநீர்த் தொட்டி என்றால் கீழ்வீட்டு விளக்குக்குள் இறங்குவது உப்புநீர்.

பம்ப் நின்றால் என்ன நடக்கிறது? நாம் சம்பில் வைக்கும் பம்ப் ஒரு விசிறி மாதிரி சுழலும் சக்கரம், அவ்வளவுதான். அது நின்றதும் வழி திறந்தே கிடக்கிறது. ரிட்டர்ன் குழாயில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி இறங்கும். அது இறங்கும்போது தொட்டியில் இருக்கும் தண்ணீரையும் கூடவே இழுக்கும். குழாயின் வாய் நீருக்குள் இருக்கும்வரை இழுப்பு நிற்காது. இதுதான் பின்னோக்கிய சைஃபன்.

பழைய பாத்திரக் கடைகளில் வசுதேவர் கிண்ணம் பார்த்திருப்பீர்கள். கிண்ணத்தின் நடுவில் குழந்தைக் கண்ணனைச் சுமந்தபடி வசுதேவர் நிற்பார். தண்ணீர் ஊற்ற ஊற்ற மட்டம் ஏறும். கண்ணனின் பாதத்தைத் தொட்டதும் கிண்ணத்துத் தண்ணீர் முழுவதும் அடியில் இருக்கும் துளை வழியாக வடிந்துவிடும். யமுனை வழிவிட்ட கதையைச் சொல்லும் பொம்மைதான். ஆனால் உள்ளே இருப்பது வளைந்த ஒரு குழாய், சுத்தமான சைஃபன். பாதத்தைத் தொட்ட அளவு மட்டும் வடிந்தால் போதும் என்று அது நிற்பதில்லை, உள்ளே இருக்கும் குழாயின் வாய் காற்றைக் குடிக்கும்வரை வடியும். தொட்டியும் அப்படித்தான். எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது பம்பின் விலையோ குழாயின் தடிமனோ இல்லை. ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்ற ஒரே அளவுதான்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். "குழாயைத் தொட்டி விளிம்புக்கு மேலே அரை அடி தூக்கி வளைத்துவிட்டால் தண்ணீர் திரும்பாது" என்று பலர் சொல்கிறார்கள். திரும்பும். காற்றழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கும். அரை அடி வளைவு அதற்கு ஒன்றுமே இல்லை. வீட்டுக்குள் வளைவை எவ்வளவு உயர்த்தினாலும் உள்ளே காற்று புக வழி இல்லையென்றால் சைஃபன் அதைத் தாண்டி இழுத்துக்கொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலடிக்கு ரெண்டடித் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். அதில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் என்றால் 7.2 லிட்டர். அழகுக்காகவோ பவளங்களுக்கு நல்ல நீரோட்டம் கிடைக்கட்டும் என்றோ ரிட்டர்ன் வாயை 15 செ.மீ. ஆழத்தில் வைத்தால், கரண்ட் போனதும் இறங்கப்போவது 108 லிட்டர். கீழே இருக்கும் சம்ப் 90க்கு 45 என்று வைத்துக்கொள்வோம். அங்கே 1 செ.மீ.க்கு 4 லிட்டர் சொச்சம். சம்பின் உயரம் 40 செ.மீ., ஓடும்போது தண்ணீர் 25 செ.மீ. நிற்கிறது என்றால் மீதி இடம் சுமார் 60 லிட்டர். ஆக, 48 லிட்டர் தரைக்குப் போகும். உள்ளே இருக்கும் கண்ணாடித் தடுப்புகளும், அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் அடைத்துக்கொள்ளும் இடத்தை நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் மோசம்.

அதே தொட்டியில் வாயை 3 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்துங்கள். இறங்குவது 21.6 லிட்டர். குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் பெரிய விஷயமே இல்லை. 25 மி.மீ. உள்விட்டமுள்ள ஒன்றரை மீட்டர் குழாயில் இருப்பது முக்கால் லிட்டர்கூட இல்லை. எல்லாம் சேர்த்தாலும் சம்பில் ஐந்தாறு செ.மீ. ஏறும், அவ்வளவுதான். ஒரு காசு செலவில்லாமல், ஒரு முழங்கைத் துண்டைத் திருப்பியதால் வந்த வித்தியாசம் இது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சைஃபனே இல்லாவிட்டாலும் தொட்டி மட்டம் கொஞ்சம் இறங்கும். பம்ப் ஓடும்போது ஓவர்ஃப்ளோ வாயில் இருக்கும் சீப்பு போன்ற தடுப்பின் பற்களடிக்கு மேல் ஒன்றரை, இரண்டு செ.மீ. தண்ணீர் நிற்கும். பம்ப் நின்றால் அது பற்களின் அடிவரை வழிந்து கீழே போகும். ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் இருப்பதிலும் கொஞ்சம் இறங்கும். இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். சம்பில் இதற்கும் சேர்த்து இடம் இருக்க வேண்டும்.

இந்த இடம் விடும் விஷயத்தில்தான் எனக்கும் பல நண்பர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தால் மொத்த லிட்டர் கூடும், மீனுக்கு நல்லது என்று விளிம்புவரை நிரப்புகிறார்கள். மொத்த லிட்டர் கூடுவது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சம்பின் மேல்பாதி வெறுமையாக இருப்பதும் அது செய்யும் வேலைதான். கூடுதல் லிட்டர் வேண்டுமென்றால் பெரிய சம்ப் வாங்குங்கள்.

எவ்வளவு நிரப்பலாம் என்பதற்கு நான் கால்குலேட்டரை நம்புவதில்லை. தொட்டியையே கேட்டுவிடுவேன். உப்பு கலப்பதற்கு முன், மீன் விடுவதற்கு முன், வெறும் குழாய்த் தண்ணீரில் இதைச் செய்ய வேண்டும். ரிட்டர்ன் குழாயில் காற்றுத் துளை போட்டிருந்தால் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) அதை டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். செக் வால்வ் (தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் அடைப்பான்) இருந்தால் அதன் நாக்கைக் கழற்றிவிட வேண்டும். பம்பை ஓடவிட்டு, மட்டங்கள் ஒரு நிலைக்கு வந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு சம்ப் பக்கத்திலேயே உட்காருங்கள். தண்ணீர் ஏறும். விளிம்பை நெருங்கினால் பம்பைப் போட்டுவிட்டு, கொஞ்சம் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு மறுபடி அணையுங்கள். ரிட்டர்ன் வாய் காற்றைக் குடித்து, தண்ணீர் ஏறுவது முழுவதும் நின்ற பிறகு, மட்டம் சம்ப் விளிம்புக்கு 4 செ.மீ. கீழே இருக்கும்படி செய்யுங்கள். இப்போது பம்பைப் போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, சம்பில் பம்ப் இருக்கும் தடுப்பறையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணாடியில் அழியாத மையால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேல் வீட்டில் யாரும் ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. பிறகு டேப்பை எடுங்கள், நாக்கை மாட்டுங்கள். இனி அவை வேலை செய்தால் நல்லது, செய்யாவிட்டாலும் தரை நனையாது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? பாதுகாப்புக்கென்று வைக்கும் ஒவ்வொரு பொருளும் கடல்நீரில் ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். நான் நம்புவது அசையாதவற்றை மட்டும்: குழாய் வாயின் உயரம், சம்பில் இருக்கும் வெற்றிடம். அசையும் பாகமும் சின்னத் துளையும் அதற்கு அப்புறம்தான்.

துளை விஷயம் எளிது. ரிட்டர்ன் குழாய் தொட்டிக்குள் இறங்கும் இடத்தில், ஓடும்போது இருக்கும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 5 அல்லது 6 மி.மீ. துளை ஒன்று போட வேண்டும். பம்ப் நின்று மட்டம் அந்த அளவுக்கு இறங்கியதும் துளை வழியாகக் காற்று உள்ளே போகும், இழுப்பு அறுந்துவிடும். மட்டத்துக்கு மேலே போட்டால் பீய்ச்சியடிக்கும், விளிம்பெல்லாம் உப்பு பூக்கும். 2 மி.மீ. போன்ற ஊசித்துளை வேண்டாம், பாசி ஒரு வாரத்தில் மூடிவிடும். ஆனால் 6 மி.மீ. துளையும் மூடும். பவளத் தொட்டியில் இளஞ்சிவப்புக் கோரலின் பாசி சுண்ணாம்பு மாதிரி படரும், நத்தைக் குஞ்சு ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு துளைகள் போடுங்கள். கண்ணாடி துடைக்கும்போது பல் குச்சியால் ஒரு தடவை குத்திவிடுங்கள்.

செக் வால்வ் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். செந்தூலில் பதினாலாவது மாடியில் தொட்டி அமைத்த ஒரு தம்பியும் கேட்டார்.

"அண்ணே, நல்ல செக் வால்வா பார்த்துப் போட்டாச்சு. இனி பயம் இல்லதானே?"

"அதோட நாக்கைக் கழட்டி வச்சிட்டு ஒரு தடவை பம்பை ஆஃப் பண்ணிப் பாருப்பா."

"கழட்டினா வழியுமேண்ணே!"

"அப்போ அது கெட்டுப்போற அன்னைக்கும் வழியும்."

அவர் அன்றைக்கே ரிட்டர்ன் வாயை உயர்த்திவிட்டார். வால்வ் இன்னும் இருக்கிறது, அதில் தப்பில்லை. செக் வால்வ் என்பது தண்ணீர் மேலே போகும்போது திறந்து, திரும்பும்போது மூடிக்கொள்ளும் ஒரு நாக்கு. அந்த நாக்கு உட்காரும் விளிம்பில் ஒரு மணல்துகள் சிக்கினாலும் கசியும். கசிவு சொட்டாக இருந்தாலும், ஆள் இல்லாத வீட்டில் ஆறு மணி நேரச் சொட்டு கொஞ்சமாக இருக்காது. கடல்நீரில் சுண்ணாம்பு படிந்து நாக்கு திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. இது பற்றாது என்று, ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அது பம்பின் வேகத்தில் கொஞ்சம் தின்றுகொண்டிருக்கும். போடத்தான் வேண்டுமென்றால் உள்ளே தெரியும்படியான, இரண்டு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) வைத்த வால்வாகப் போடுங்கள். அதற்கு மேலே கையால் திருப்பி மூடும் ஒரு பால் வால்வும் (ball valve) இருந்தால், அதை மூடிவிட்டுக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம். கழற்ற முடியாமல் பசை போட்டு ஒட்டிய செக் வால்வைவிட, செக் வால்வே இல்லாத குழாய் மேல்.

குழாய் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இங்குள்ள ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும் பிவிசி குழாய் அங்குல அளவு. முக்கால் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 27 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. இணையத்தில் வாங்கும் மீன்தொட்டிச் சாமான்களில் பல மெட்ரிக் அளவு, 20, 25, 32 என்று வரும். 25 மி.மீ. சாக்கெட்டில் முக்கால் அங்குலக் குழாய் நுழையாது. ஒன்று எல்லாவற்றையும் அங்குலத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் மெட்ரிக்கில் வாங்குங்கள். சூடுகாட்டி விரித்து மாட்டுவது வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் தரைக்குப் போனதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. கரண்ட் திரும்பி வரும்போது இரண்டாவது பிரச்சினை தொடங்கும். பம்ப் மறுபடி தொட்டியை நிரப்பப் பார்க்கும், ஆனால் கொட்டிப்போன தண்ணீர் சம்பில் இல்லை. பம்ப் அறை காலியாகி, பம்ப் காற்றைக் குடித்துச் சூடாகும். தானாக நீர் நிரப்பும் கருவி இருந்தால் மட்டம் குறைந்ததைப் பார்த்து, ஆவியான தண்ணீர் என்று நினைத்து, நன்னீரை ஊற்றிக்கொண்டே போகும். உப்பு அளவு இறங்கும். தரையைத் துடைத்து முடிப்பதற்குள் பவளங்கள் சுருங்கியிருக்கும். வெறும் தரைப் பிரச்சினையாக மட்டும் இதை என்னால் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான். உள்ளே உயிர்கள் இருக்கின்றன.

அந்த நிரப்பும் கருவியிலேயே இன்னொரு சைஃபன் ஒளிந்திருக்கிறது. நன்னீர் டப்பா சம்பைவிட உயரத்தில் இருந்து, அதன் மெல்லிய குழாயின் முனை சம்ப் நீருக்குள் மூழ்கியிருந்தால், மோட்டார் நின்ற பிறகும் டப்பா காலியாகும்வரை இறங்கும். முனையைத் தண்ணீருக்கு மேலே, எப்போதும் காற்றில் இருக்கும்படி மாட்டுங்கள். காற்று பம்பும் இதே கதைதான். தொட்டி மட்டத்துக்குக் கீழே வைத்தால், கரண்ட் போனதும் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பம்புக்குள்ளும் அங்கிருந்து பிளக்குக்கும் போகும். தொட்டியைவிட உயரத்தில் வையுங்கள். எல்லா ஒயர்களும் பிளக்கை அடைவதற்கு முன் ஒரு முறை கீழே தொங்கி, பிறகு மேலேறட்டும். ஒயர் வழியாக வரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். தொட்டிக்கென்று, வீட்டு ஆர்.சி.சி.பி. வழியாகப் போகாத தனி இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தால், தொட்டியில் வரும் கசிவுக்காக வீடே இருட்டாகாது, வீட்டில் வேறெங்கோ வரும் கோளாறுக்காகப் பம்பும் நிற்காது.

தொட்டியில் துளை போடாமல் விளிம்பில் தொங்கவிடும் ஓவர்ஃப்ளோ பெட்டி வைத்திருப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். அங்கே சைஃபன் அறுந்துவிடக் கூடாது. கரண்ட் வந்ததும் அது மறுபடி பிடிக்காவிட்டால் பம்ப் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும், தொட்டி மேலே வழியும். வாடகை வீடு என்று அதை வைப்பவர்களைப் புரிந்துகொள்கிறேன். இருந்தாலும் துளை போட்ட தொட்டியையே வாங்கச் சொல்வேன்.

பினாங்கில் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்களிடம் இதைப் பற்றிப் பேசுவது தனி அனுபவம். அந்தத் தீவு டிஸ்கஸுக்குப் பேர்போனது. ஒரு இரும்பு ராக்கில் மூன்று அடுக்கு, பல தொட்டிகள், கீழே ஒரே சம்ப் என்று அமைப்பார்கள். ஒரே ரிட்டர்ன் குழாய் மேலேறி, கிளை பிரிந்து ஒவ்வொரு தொட்டிக்கும் போகும். எல்லா வாய்களும் மூழ்கியிருந்தால் பம்ப் நின்றதும் மேல் அடுக்குத் தொட்டிகள் அதே கிளைக்குழாய் வழியாகக் கீழ் அடுக்குத் தொட்டிகளுக்குள் இறங்கும், அங்கிருந்து வழிந்து சம்புக்குப் போகும். எல்லாத் தொட்டிகளின் பங்கும் ஒரே சம்பில் சேரும். ஒற்றைத் தொட்டிக்குப் போட்ட கணக்கைத் தொட்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அங்கே நான் பார்த்த நல்ல ராக்குகளில் ரிட்டர்ன் வாய்கள் தண்ணீரைத் தொடுவதே இல்லை. இரண்டு விரல் உயரத்திலிருந்து தண்ணீர் விழும். சலசலக்கும், ஆனால் சைஃபனுக்கு வழியே இல்லை. நன்னீரில் இது சாத்தியம். அரோவானா மீன் வைத்திருப்பவர்களும் தாராளமாகச் செய்யலாம். கடல்நீரில்தான் தெறிப்பும் உப்புப் படிவும் குமிழியும் தொந்தரவு, அதனால் வாயை மூழ்கடிக்க வேண்டியிருக்கிறது.

விழும் தண்ணீருக்கும் தேங்கிய தண்ணீருக்கும் நடுவே காற்று இடைவெளி விடுவது கட்டடக் குழாய்வேலையில் பழைய சட்டம். 1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, ஹோட்டல்களில் கழிவுநீர் பழைய குழாய்கள் வழியாகக் குடிநீருக்குள் கலந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அமீபா வயிற்றுக்கடுப்பு வந்து, 98 பேர் இறந்தார்கள். கழுவுதொட்டியின் குழாய் வாய் எப்போதும் தொட்டி விளிம்பைவிட உயரமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தேங்கிய தண்ணீரை அது திரும்ப உறிஞ்சக் கூடாது என்பதற்குத்தான்.

நம் வீட்டில் இந்த விதியை மீறுவது தண்ணீர் மாற்றும் நாளில். வாசல் குழாயில் ஹோஸை மாட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள்ளோ உப்பு கலக்கும் பீப்பாய்க்குள்ளோ ஆழமாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். தரைவீடுகளில் வாசல் குழாய் பெரும்பாலும் நேராகத் தெருக்குழாயிலிருந்து வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் வெட்டு புதிய செய்தியா? அழுத்தம் திடீரென்று விழுந்தால் தெருக்குழாய் ஹோஸ் வழியாக மீன் தொட்டித் தண்ணீரை இழுக்கும். அது போய்ச் சேரும் இடம் பக்கத்து வீட்டுச் சமையலறையாகவும் இருக்கலாம். ஹோஸ் முனையை விளிம்புக்கு மேலே ஒரு கிளிப்பில் மாட்டிவிட்டால் போதும். ஹார்ட்வேர் கடையில் ஹோஸ் கிளிப்புக்கு ஆகும் செலவு ஒரு தே தாரிக் டீயின் விலைதான்.